வியன்னாவின் 'போக்கு': வேளாண்மை படிக்க அவ்வளவு தூரம் போகலாமா?

2024 செப்டம்பர் 8: வந்த கேள்வி

"கோவை வேளாண் பல்கலையில் இறுதியாண்டு படிக்கிறேன். முதுநிலைக்கு வியன்னாவில் இருக்கும் இயற்கை வளங்கள், உயிர் அறிவியல் பல்கலைக்கழகத்தை ஒரு சீனியர் சொன்னார். பார்த்த வரைக்கும் வேளாண் கல்லூரிக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. காசைக் கொட்டி அவ்வளவு தூரம் போய்ப் படிக்க, ஆஸ்திரியாவில் நமக்குத் தெரியாத விவசாயம் என்ன இருக்கிறது? நெல் உண்டா, கரும்பு உண்டா? அங்கே படித்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்."

செப்டம்பர் 9

படித்தவன் ஒருத்தன் இங்கே இருக்கிறேன். ஊர் குன்னூர்ப் பக்கம், இப்போது வேலை வியன்னாவில்.

முதலில் நெல். ஆஸ்திரியாவில் பெயருக்குக் கொஞ்சம் விளைகிறது. கரும்பு கிடையாது, சர்க்கரைக்கு பீட் பயிரிடுகிறார்கள். தம்பி, நெல்லும் கரும்பும்தான் உங்கள் கணக்கு என்றால் கோவையை விட்டு நகர வேண்டாம். அந்த இரண்டுக்கும் கோவையில் இருப்பது வியன்னாவில் இல்லை.

ஆனால் 'வேளாண் கல்லூரிக்கு நீளப் பெயர்' என்பது சரியில்லை. இந்த ஊரில் எல்லோரும் அதன் ஜெர்மன் பெயரைச் சுருக்கி 'போக்கு' என்பார்கள் (உச்சரிப்பு அப்படித்தான், சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்). 1872-இல் ஆரம்பித்தது. முதலில் வேளாண்மை மட்டும்தான், அதுவும் லௌடன்காஸெ தெருவில் ஒரு பழைய பிரபு மாளிகையில். 1875-இல் மரியாபுருனில் இருந்த வனக் கல்லூரியை இதோடு சேர்த்தார்கள். 1883-இல் நிலச் சீரமைப்பு, நீர்ப் பொறியியல் படிப்பு வந்தது. இப்போதிருக்கும் டூர்க்கன்ஷான்ஸ மேட்டுக்கு 1896-இல் குடிபோனார்கள். பல்கலைக்கழகம் என்ற அந்தஸ்து 1975-இல்தான் கிடைத்தது. நம்ம கோவை அதற்கு நாலு வருடம் முன்பே, 1971-இல் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

வயல், காடு, தண்ணீர் மூன்றையும் முதல் பத்து, பதினைந்து வருடத்துக்குள் ஒரே கூரைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நம்மூரில் மூன்றும் மூன்று துறை, மூன்று தேர்வு, மூன்று சாதி மாதிரி. மலைச்சரிவில் ஒரு மழை பெய்தால் மூன்றும் ஒன்றாகத்தான் கீழே வரும்.

செப்டம்பர் 9, இரவு

காசு விஷயம் விட்டுப்போனது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 726.72 யூரோ. அதோடு மாணவர் சங்கக் கட்டணம் ஒரு 20 சொச்சம். 'காசைக் கொட்டி' என்றெல்லாம் இல்லை. வாடகைதான் கொட்டும்.

செப்டம்பர் 11

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார். தரவரிசைப் பட்டியலில் வாகனிங்கன் எங்கேயோ மேலே இருக்கிறது, அதில் தகராறு இல்லை. இரண்டும் ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன. ஹோஹன்ஹைம், கோபன்ஹேகன், உப்சாலா எல்லாம் அதில் உண்டு. ஒன்றில் சேர்ந்து இன்னொன்றில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வரலாம்.

நான் பார்ப்பது வேறு. வாகனிங்கனைச் சுற்றி நிலம் தட்டை. அவர்களுடைய மூளை முழுக்கப் பசுமைக்குடில், கால்வாய், கடலோடு சண்டை. வியன்னாவிலிருந்து ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆல்ப்ஸ். எந்த நிலத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தஞ்சாவூர் என்றால் வாகனிங்கன். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை என்றால் வியன்னா. முரட்டுத்தனமான கணக்குதான், ஆனால் என் அனுபவத்தில் சரியாக வருகிறது.

செப்டம்பர் 15, ராத்திரி

இந்த இழையில் தண்ணீரைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். தண்ணீரே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து விடாத மழை. கீழ் ஆஸ்திரியா மாநிலம் முழுவதையும் பேரிடர் பகுதியாக அறிவித்துவிட்டார்கள். வீன் என்று ஒரு ஆறு நகரத்துக்குள் கான்கிரீட் வாய்க்காலில் ஓடுகிறது, சாதாரண நாளில் கணுக்கால் நனைந்தால் பெரிது. இன்றைக்கு அது பக்கத்திலிருக்கும் யு-4 மெட்ரோ தண்டவாளத்தை எட்டிப் பார்க்கிறது. காபி நிறத் தண்ணீர், மரக்கட்டைகள், ஒரு குப்பைத் தொட்டி. பாலத்தில் நின்றவர்களை போலீஸ் விரட்டியது, என்னையும் சேர்த்து.

நண்பன் ஒருவன் வியன்னாவுக்கு மேற்கே துல்ன் என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறான். போன் எடுக்கவில்லை.

செப்டம்பர் 16

எடுத்துவிட்டான். மாடியில் இருக்கிறானாம், வண்டி போச்சாம்.

செப்டம்பர் 19

கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

வியன்னா நகரத்துக்குள் பாதிப்பு குறைவு. அதற்குக் காரணம் அதிர்ஷ்டம் இல்லை. வீன் ஆறு நகரத்துக்குள் நுழையும் ஔஹோஃபில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வெள்ளத்தைப் பிடித்துவைக்கத் தொட்டிகள் கட்டினார்கள், பிற்காலத்தில் அவற்றைச் சீரமைத்தார்கள். டான்யூப் ஆற்றுக்குப் பக்கத்தில் 1972-இலிருந்து 1988 வரை இன்னொரு டான்யூபையே வெட்டினார்கள். வெட்டிய மண்ணில்தான் இன்றைக்கு நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கறி வாட்டப் போகும் தீவு. நொடிக்கு 14,000 கனமீட்டர் வந்தாலும் நகரம் தாங்க வேண்டும் என்பது திட்டம்.

துல்ன் சமவெளியில் அப்படி இல்லை. வரைபடத்தில் தேடினால் கூடக் கண்ணில் படாத சிற்றாறுகளின் கரைகள் உடைந்தன. பெரிய ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களை வாய்க்கால் அடித்துவிட்டது. ஆஸ்திரியாவில் 5 பேர் இறந்தார்கள்.

போக்குவின் வளாகம் ஒன்று அதே துல்னில்தான் இருக்கிறது, பயிர் அறிவியலும் வேளாண் உயிர்த்தொழில்நுட்பமும். 2011-இல் திறந்த புதிய மையம் அங்கேதான்.

நீர்ப் பொறியியல் படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. டான்யூபிலிருந்து நகரக் கால்வாய் பிரியும் முனையில், வெண்கலச் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும் நுஸ்டோர்ஃப் அணைக்குப் பக்கத்தில், பல்கலைக்கழகம் ஒரு நீரியல் ஆய்வகம் கட்டியிருக்கிறது. ஆற்றுக்கும் கால்வாய்க்கும் 3 மீட்டர் அளவுக்கு மட்ட வித்தியாசம். அதை வைத்தே நொடிக்கு 10 கனமீட்டர் தண்ணீரைப் பம்பு இல்லாமல் உள்ளே விடுகிறார்கள். சின்னத் தொட்டியில் மாதிரி ஆறு செய்தால் மணலும் கூழாங்கல்லும் நிஜம் மாதிரி நகராது, தண்ணீரைச் சிறிதாக்கலாம், கல்லின் குணத்தைச் சிறிதாக்க முடியாது. அதனால் ஆற்றையே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் படித்த காலத்தில் இது இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

செப்டம்பர் 22

"மலை மலை என்கிறீர்களே, மலையில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?" என்று ஈரோட்டுக்காரர் ஒருவர் கேட்கிறார். சரி, விரிவாக.

1882-இல் டிரோல், கரிந்தியா மாகாணங்களில் பெருவெள்ளம். சரிவுகளில் காட்டை வெட்டித் தீர்த்திருந்தார்கள், மழை வந்ததும் ஓடைகள் பாறையையும் சேற்றையும் வாரிக்கொண்டு கிராமங்கள் மேல் இறங்கின. அந்தக் காலத்தில் பிரான்ஸ்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஆர்தர் ஃபொன் செக்கன்டோர்ஃப் என்ற வனவியல் பேராசிரியர், மரியாபுருனிலும் பிறகு போக்குவிலும் இருந்தவர், அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார், வாதாடினார். 1884-இல் மலை ஓடைகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமும் தனித் துறையும் வந்தன. அந்தத் துறை இன்றும் இருக்கிறது. பொறியாளர்களில் பெரும்பகுதி போக்கு பிள்ளைகள்தான்.

நான் படித்தது இந்த வழியில்தான். தடுப்பணை என்றால் நம்மூரில் குறுக்கே ஒரு சுவர், அவ்வளவுதான். இங்கேயும் பழைய ஆட்கள் அப்படித்தான் கட்டினார்கள். ஒரே ஒரு பெருக்கில் சுவருக்குப் பின்னால் கல் நிரம்பிவிடும், அடுத்த பெருக்குக்குச் சுவர் இருந்தும் பயனில்லை. அதனால் இப்போது சுவரில் பிளவு விட்டு, குறுக்கே இரும்பு விட்டங்கள் போடுகிறார்கள். சாதாரண நாளில் சரளை கடந்து போகும். பெருக்கு வரும் நாளில் மரமும் பாறையும் சிக்கி நிற்கும்.

சரளை கடந்து போவது ஏன் முக்கியம்? கீழே டான்யூபுக்குச் சரளைப் பட்டினி. மின் நிலைய அணைகள் எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொள்வதால் வியன்னாவுக்குக் கிழக்கே ஆற்றின் அடி வருடத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தோண்டப்பட்டுக்கொண்டே போகிறது. லாரி லாரியாகச் சரளை கொண்டுவந்து ஆற்றில் கொட்டுகிறார்கள். நாம் ஆற்றிலிருந்து மணலை லாரியில் அள்ளுகிறோம், இவர்கள் லாரியில் கொண்டுவந்து ஆற்றில் போடுகிறார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

செப்டம்பர் 23

அபாய மண்டல வரைபடத்தை விட்டுவிட்டேன். 1975 வனச் சட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு. ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் வரைபடம், அதில் சிவப்பு, மஞ்சள். சிவப்பில் புதிதாக வீடு கட்ட முடியாது. மஞ்சளில் நிபந்தனையோடு கட்டலாம், மலைப்பக்கச் சுவரில் ஜன்னல் வைக்காதே என்கிற மாதிரி. வரைபடம் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும், யாரும் போய்ப் பார்க்கலாம்.

இதைக் கேட்டு எல்லாம் கச்சிதமாக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1999 பிப்ரவரி 23-ஆம் தேதி கால்டூர் என்ற ஊரில் பனிச்சரிவு இறங்கியது. மறுநாள் பக்கத்து வால்ட்ஸூரிலும். இரண்டிலும் சேர்த்து 38 பேர். சிவப்புக்கு வெளியே இருந்த வீடுகளிலும் ஆட்கள் செத்தார்கள். அதற்கப்புறம் சிவப்பின் எல்லையை விரித்தார்கள், பனி வந்து மோதும் அழுத்தம் 25 கிலோபாஸ்கலைத் தாண்டினால் சிவப்பு என்று முன்பு வைத்திருந்ததை 10 ஆக்கினார்கள். வகுப்பில் கால்டூரைப் பற்றிப் பேசும்போது பேராசிரியர் 'நம் வரைபடம்' என்றுதான் சொன்னார், 'அவர்களுடைய வரைபடம்' என்று சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்தபோது நான் ஊரில் இருந்தேன். எங்கள் தெருவில் எந்த வீடு எந்த நிறத்தில் வரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சரிவு வரைபடங்கள் நம்மிடமும் இருக்கின்றன. வீடு கட்டுகிறவனுக்கு அந்தத் தாளை யார் காட்டுவது என்பதில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது.

அக்டோபர் 2

கனமாகப் போய்விட்டது. ஒரு சிரிப்புக் கதை.

பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடத்துக்கு கிரிகோர் மெண்டல் பெயர். தெருவுக்கும் அவர் பெயர்தான். பட்டாணி மெண்டல். அவர் இங்கே படிக்கவும் இல்லை, பாடம் நடத்தவும் இல்லை. வியன்னாவில் ஆசிரியர் தேர்வு எழுதித் தோற்றார், ஒருமுறை இல்லை, 1850-இலும் 1856-இலும். ஃபெயில் ஆக்கிய ஊரே இப்போது பலகை மாட்டி வைத்திருக்கிறது. அரியர் வைத்திருக்கும் தம்பிகள் ஆறுதல் கொள்ளலாம்.

உறவு எப்படி வந்தது என்றால், 1900-இல் மெண்டலின் விதிகளை மறுபடி கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் மூவரில் ஒருவர் எரிக் ஃபொன் செர்மாக், பிற்பாடு இங்கே பேராசிரியர். அவருடைய தாய்வழித் தாத்தா எடுவார்ட் ஃபென்ஸ்ல்தான் மெண்டலுக்குத் தாவரவியல் பாடம் எடுத்தவர். தாத்தா பாடம் எடுத்த ஆளின் கட்டுரையைப் பேரன் தூசி தட்டினார். செர்மாக்குக்கு மெண்டலின் கணக்கு முழுதாகப் புரிந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அவர் பயிர் இன விருத்தியில் கெட்டிக்காரர் என்பதில் சண்டை இல்லை.

அக்டோபர் 6

மண் பாடம் எப்படி என்று கோவைத் தம்பி கேட்டார்.

வியன்னாவுக்குக் கிழக்கே மார்க்ஃபெல்ட் என்ற சமவெளி. அதில் குரோஸ்-என்சர்ஸ்டோர்ஃபில் பல்கலைக்கழகத்துக்குப் பரிசோதனைப் பண்ணை இருக்கிறது. அந்தச் சமவெளியில் ஒரு குழிக்குள் எங்களை இறக்கினார்கள். ஆளுயரம் இருக்கும். கத்தியால் சுவரைச் சுரண்டு, நிற அட்டையோடு ஒப்பிடு, விரலில் ஈரமாக்கி உருட்டிப் பார். அப்புறம் ஒரு சின்னச் சொட்டுப் புட்டி, அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். மேல்மண்ணில் ஒரு சொட்டு விட்டால் லேசாகச் சீறும். கத்தியை ஒரு சாண் இறக்கி மறுபடி விட்டால் இன்னும் கொஞ்சம். வெளிறிய அடுக்கு வந்ததும் சோடா மாதிரிப் பொங்கியது. சுண்ணாம்பு எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று காதாலேயே தெரிந்துகொண்டோம்.

மேலே நல்ல கறுப்பு மண். செர்னோசெம். நான் பெரிய ஆள் மாதிரி "எங்கள் ஊரிலும் கறுப்பு மண் உண்டு, பருத்தி போடுவோம்" என்றேன். பாடம் நடத்திய அம்மா சிரித்துக்கொண்டே "வெயிலில் வெடிக்குமா?" என்றார். வெடிக்கும், கை உள்ளே போகும் அளவுக்கு. "அப்படியென்றால் அது வேறு குடும்பம்" என்றார். செர்னோசெம்மின் கறுப்பு புல்வெளி மக்கிச் சேர்ந்த மட்கினால் வந்தது. கரிசலின் கறுப்புக்கும் மட்குக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை, கரிசலில் கரிமம் பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்குக் கீழேதான். ஈரத்தில் வீங்கிக் காய்ந்தால் சுருங்கும் களிமண் அது. கோவில்பட்டிக்காரர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம்.

அக்டோபர் 7

கோவில்பட்டியிலிருந்து மூன்று பேர் கோபப்பட்டுவிட்டார்கள். கரிசல் நல்ல மண் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்?

அக்டோபர் 13

போக்குவின் முத்காஸெ வளாகத்தில் ஆராய்ச்சி செய்யும் தமிழ்ப் பெண் ஒருவர் தனியாகத் திட்டி எழுதியிருக்கிறார். "அண்ணா, நீங்கள் எழுதுவதைப் படித்தால் எல்லோரும் மலையேறிக்கொண்டிருக்கிறோம் என்று நினைப்பார்கள். நான் வந்ததிலிருந்து ஜன்னலில்லாத அறையில் வெள்ளெலி செல்லுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன்."

நியாயம். ஹைலிகன்ஷ்டாட் பக்கம் இருக்கும் அந்த வளாகம் உயிர்த்தொழில்நுட்பம், உணவு அறிவியலுக்கானது. ஹெர்மன் கட்டிங்கர் என்ற பேராசிரியரின் குழு 1990-களின் தொடக்கத்தில் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மனித எதிர்ப்புரதங்களை அங்கே உருவாக்கியது. அவர் 1992-இல் தொடங்கிய பாலிமுன் நிறுவனம் பக்கத்து ஊர் குளோஸ்டர்நாய்பர்க்கில் இருக்கிறது. ஃபைசர்-பயோன்டெக் கொரோனா தடுப்பூசிக்கான கொழுப்பு நுண்துகள்களைச் செய்தவர்களில் அவர்களும் உண்டு. கோவிஷீல்டு போட்டவர்களுக்கு இதில் பங்கில்லை.

ஆக, உயிர்த்தொழில்நுட்பம் படிக்க வருகிறவர் என் மலைக்கதையைத் தாண்டிப் போய்விடலாம். பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகம் ஒன்றுதான், பேசிக்கொண்டால் ஒருவருக்கு ஒருவர் வேற்றுக்கிரகவாசி.

அக்டோபர் 20

காடு. ரொசாலியா மலையில், கீழ் ஆஸ்திரியாவும் புர்கன்லாந்தும் சேரும் எல்லையில், பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக் காடு உண்டு, 900 ஹெக்டேருக்கும் மேல். அங்கே தங்கிப் படிக்க வேண்டும். காலையில் குளிர், மத்தியானம் பசி, ராத்திரி பியர், இதுதான் பாடத்திட்டம்.

நான் கற்றதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் அடியில் காபித்தூள் மாதிரி பொடி கிடந்தது. வனக்காவலர் கோடரியால் பட்டையை நெம்பி உள்பக்கத்தைக் காட்டினார். மரத்தின் நெடுக்கில் ஒரு தாய்ச் சுரங்கம், அதிலிருந்து இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கிளைகள், போகப் போக அகலமாக. புழு வளர வளர வழியும் அகலமாகிறது. மெல்லிய வேலை, ஆசாரி கூடச் செய்ய மாட்டார். இந்தப் பட்டை வண்டு அரிசியைவிடச் சின்னது. வறட்சியில் மரத்துக்குப் பிசின் குறைந்தால் வண்டைத் தடுக்க முடியாது. லாபத்துக்காக ஸ்புரூஸை அது தானாக வளராத தாழ்வான, வெப்பமான இடங்களில் எல்லாம் வரிசையாக நட்டார்கள். 2018 வாக்கில் வால்ட்ஃபியர்ட்டல் பகுதியில் மலைமலையாகச் செத்தது. நம்மூர் மலைகளில் சோலையை எடுத்துவிட்டு யூகலிப்டஸும் வாட்டிலும் வைத்தோமே, அதோடு சேர்த்து யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, முன்பே சொல்லியிருக்கலாம். மலைக்காடு, நீர் மேலாண்மை, உணவுப் பாதுகாப்பு, இயற்கை வேளாண்மை என்று ஆங்கிலத்தில் முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. வகுப்புக்கு அது போதும். ஆனால் அந்த வனக்காவலர் பேசியது மலைப்பக்கத்து வழக்கு. வகுப்பில் ஜெர்மன் படித்த எனக்கே பாதி புரியவில்லை. வேலை தேடும்போதும் இதே கதை. அபாய வரைபடம் ஜெர்மனில்தான் இருக்கும், ஊராட்சித் தலைவர் ஜெர்மனில்தான் கத்துவார். ஊருக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் போதும். இங்கேயே இருக்க ஆசைப்படுகிறவர்கள் கோவையிலிருந்தே ஜெர்மனை ஆரம்பிக்கட்டும்.

அக்டோபர் 21

பெண் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பலாமா என்று ஒரு அப்பா கேட்டிருக்கிறார். இந்தப் பல்கலைக்கழகத்தில் 1919 வரை பெண்களுக்கு அனுமதி இல்லை. 1924-இல் இல்ஸெ வாலென்டின் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். 2020-இல் கட்டி முடித்த மரக் கட்டடத்துக்கு அவர் பெயர். 2022-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் ஏவா ஷூலெவ்-ஷ்டைன்டல், அந்த நாற்காலியில் முதல் பெண் 2007-இல் வந்த இங்கெலா ப்ரூனர். என் வகுப்பில் பெண்கள்தான் அதிகம், கோடரியும் அவர்கள்தான் நன்றாகப் பிடித்தார்கள். அனுப்புங்கள் ஐயா.

நவம்பர் 3

சாப்பாடு. 'டூவி' என்று மாணவர்களே நடத்தும் கடை உண்டு. சைவமும் கிடைக்கும், காரம் கிடைக்காது. பழைய கட்டடத்தை இடித்து 2018-இல் புதியது வந்தது, எந்தக் கட்டடத்திலும் உப்பு மட்டும் குறைவு. மாலை வேளையில் டூர்க்கன்ஷான்ஸ் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடலாம். 1683-இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது அகழி வெட்டிய மேடு அது, இப்போது தள்ளுவண்டியில் குழந்தைகள்.

டிசம்பர் 18

வெள்ளத்தில் மூடிய துல்ன் சமவெளி ரயில் பாதை இந்த வாரம்தான் திறந்தது. நண்பன் பழைய வண்டிக்குப் பதிலாக இன்னொரு பழைய வண்டி வாங்கிவிட்டான்.

கோவைத் தம்பி நீர் மேலாண்மைக்கு விண்ணப்பம் போடப் போகிறாராம். ஊர் வால்பாறை என்று இப்போதுதான் சொல்கிறார், அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.  வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், ஆனால் அதற்கு முதலாளி அனுமதி வாங்கித் தர வேண்டும், அதை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள்.

என்ன எடுத்துவர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மலைக்கான ஷூவை அங்கே வாங்க வேண்டாம், இங்கே வந்து காலில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், பழையது நல்லதாகவே கிடைக்கும். மழைக்கோட்டும் அப்படியே. புளி, மிளகாய்த்தூள் எல்லாம் நாஷ்மார்க்ட் பக்கம் இந்தியக் கடைகளில் உண்டு. குக்கர் மட்டும் கொண்டுவாருங்கள், கேஸ்கெட் இரண்டு உபரியாக.